ஏழு வாசலும் யோசெப்பும்

இல்லை ஐசே கனகசிங்கம், கட்டிலில ஒரு பிழையுமில்லை. அதில கிடந்தவன்தான் பிழை! யோசெப்பு எண்டு ஒரு மன்னார் ஆள், போன மாசம்தான் ஆத்துக்கு அங்கால லவாலுக்கு வீடு மாறிப் போனவன். என்ர அகதிக் கேஸ் விழுந்து, நாட்டை விட்டு வெளிக்கிடு எண்டு கடுதாசி வந்ததுக்கும் அவன்தான் காரணம். நானும் போனா ரெண்டு கட்டிலும் உமக்குத்தான். இரும், இரும், தேத்தண்ணி கொதிக்குது.

ஆள் கம்பசில கூட்டித் துடைக்கிற வேலை. அங்க ஆரோ ஒரு புரொபெசர், பாவம், இங்கிலீசு படிக்கட்டுமெண்டு ஒரு புத்தகத்தைக் குடுத்திருக்கிறார். இவர் என்ன படிச்சார்? கடவுளுக்கு மேல இன்னொரு கடவுள் இருக்கிறாரெண்டு படிச்சார்! பழைய காலத்து ஞானவாதியளாம். உண்மையான கடவுள் எங்கயோ உச்சத்தில, ஒரே வெளிச்சத்துக்குள்ள இருக்கிறாராம். அந்த வெளிச்சத்தில இருந்து சோடி சோடியா வந்ததுகளில கடைசிப் பொம்பிளை சோபியாவாம். அவ தன்ர சோடியைக் கேளாமல் தனிய ஒண்டைப் பெத்துப்போட்டாவாம். அது குறைப்பிள்ளை. சிங்க முகமாம். பெத்த தாயையும் தெரியாது, மேல இருக்கிறவரையும் தெரியாது. "என்னை விட்டா வேற கடவுளில்லை" எண்டு சொல்லிக்கொண்டு இந்த உலகத்தைக் கட்டினது அந்தாள்தானாம்! எனக்கு விசர் வராதே? ஆனா ஒண்டு... மைனஸ் முப்பது குளிரில கோட்-டெ-நெய்ஜ் றோட்டில பஸ்ஸுக்கு நிண்டு பாரும், அரைகுறை மேசன் கட்டின உலகமெண்டு நீரும் நம்புவீர்.

ஏவாளுக்குப் பழம் குடுத்த பாம்பு நல்லதாம், கண்ணைத் திறந்துவிட்டதாம்! இதை வேதக் கோயிலில சுவாமியாரிட்டயே சொல்லிப்போட்டான் ஐசே. பூசை முடிஞ்சு வந்த சனமெல்லாம் என்னைப் பாக்குது, ஏதோ நான் சொல்லிக் குடுத்த மாதிரி.

பேந்து, எங்கட உடம்புக்குள்ள அந்த வெளிச்சத்தில ஒரு பொறி மாட்டுப்பட்டுக் கிடக்குதாம். செத்தாப்பிறகு அது மேல போகேக்க ஏழு வானமாம், ஏழு வாசலாம், வாசலுக்கொரு அதிகாரியாம். "நீ ஆர், எங்கயிருந்து வாறாய்" எண்டு கேப்பாங்களாம். தான் ஆரெண்டு அறிஞ்சவன் மட்டும் சொல்லிப்போட்டுப் போவானாம். மற்றவன் திரும்பவும் ஒரு உடம்புக்குள்ள! "அட, கொழும்பில இருந்து மிராபெல் எயாப்போட் வரைக்கும் நான் பாக்காத வாசலோ" எண்டு சிரிச்சன்.

சிரிச்சாலும், பாவமெண்டு அவன்ர கேஸுக்கு நல்ல கதையொண்டு எழுதிக் குடுத்தன். என்ன பாக்கிறீர்? இந்தக் கட்டிடத்தில எல்லாருக்கும் நான்தானே எழுதினது! ஆமி வீட்டுக்கு வந்தது, இடது காலில வெடி பட்டது, பத்தைக்குள்ள கிடந்து தப்பினது... சும்மா சொல்லக்கூடாது, வாசிச்சா அழுவீர். அந்த மடையன் திருப்பித் தந்தான். "அருமையண்ணை, இது நானில்லையே" எண்டான். பிறகு விசாரணையில, தமையனைச் சுட்டதைத் தான் கண்ணால கண்டபடியே, விக்கி விக்கி அழுது சொல்லியிருக்கிறான். அவன்ர கேஸுக்கு ஓமெண்டிட்டாங்கள். ஒரு விசரனுக்கு!

அதுக்கும் என்ர கேஸுக்கும் என்ன சம்பந்தமோ? அவன் ஒழுங்கா அந்தக் கதையையே சொல்லியிருந்தா நான்... சரி, விடும். ஓம், அவன் திருப்பித் தந்ததைத்தான் என்ர விசாரணையில நானும் சொன்னன். அங்க விசாரிச்ச ஒப்பீசர் அதே கதையை ஏற்கெனவே அஞ்சு பேரிட்டக் கேட்டிட்டான். பேனையை வைச்சிட்டு, "இடது காலைக் காட்டு" எண்டான்.

காலில என்ன கிடக்கு? ஒரு மண்ணுமில்லை. காயம் முதுகிலயல்லோ ஐசே! ஆமிக் காம்பில தலைகீழாக் கட்டிவிட்டு வயரால... இஞ்ச வந்த நாளில இருந்து ஒருத்தருக்கும் சொன்னதில்லை. வெக்கம். சொன்னா திரும்பவும் அதுக்குள்ள நிக்கிற மாதிரிப் பயம். போட்டிருந்த சேட்டைத் தூக்கிக் காட்டியிருந்தா அவன் கண்ணால பாத்திருப்பான். நான் தூக்கேல்ல... எழுதின கதையில முதுகு இல்லையே.