சகோதரிகளின் போன் கூடை

ஷிமா களியைச் சூடாகவே சாப்பிட்டுவிட வேண்டும், ஆபீசரம்மா. ஆறினால் கல். எங்கள் கிட்வே ஊர்ச் சபைப் பெண்கள் கூடி உட்கார்ந்தால் களி ஆறிப்போகும். எல்லார் கண்ணும் போனில். அதனால்தான் அந்தக் கூடையை வைத்தேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போனை அதில் போட்டுவிட்டு, சாயங்காலம்வரை மனிதர்களோடு பேச வேண்டும்.

"போன் பூட்டை எடுத்துட்டுப் போடுங்கடி. சகோதரிகளுக்குள்ள என்ன ரகசியம்?" என்றேன். அவர்களாகத்தான் எடுத்தார்கள். அதை வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கூடை என் சமையலறையில் இருந்தது. போன்கள் ஓயாமல் அதிர்ந்தன. பதில் போடாமல் விடுவது மரியாதையா? முசோண்டாவின் மாமியார், "சௌக்கியமா?" என்று கேட்டிருந்தார். "நீங்க இல்லாம வீடே வெறிச்சுனு இருக்கு, வந்து இங்கயே இருந்துடுங்கம்மா" என்று அவள் பெயரில் அனுப்பினேன். வயதானவர், சந்தோஷப்பட்டிருப்பார். கோழிகளோடு வந்துவிட்டார்.

உறவில் நேர்மை முக்கியம். புப்பே தன் தலைமையாசிரியரைப் பற்றி எங்களிடம் சொல்வதையெல்லாம் அவள் போனிலிருந்து அவருக்கே எழுதினேன். அவள் அவரைப்போல நடித்துக் காட்டுவதை மட்டும் எழுத முடியவில்லை.

முவாப்பேயைக் கட்டப்போகிறவன் நாள் முழுக்க இதயப் படமாக அனுப்பிக்கொண்டிருந்தான். அது ஆரோக்கியம் இல்லை. "இதோட பிரிஞ்சிடலாம்" என்று போட்டு அவன் எண்ணைத் தடை செய்தேன். லுசாகாவிலிருந்து பஸ் பிடித்து வந்து சபை வாசலில் உட்கார்ந்து அழுதான். இதற்குமுன் அவளைப் பார்க்க அவன் ஒருநாளாவது நேரில் வந்திருக்கிறானா?

அவன்தான் அந்தச் செய்தியைக் காட்டினான். ஞாயிறு மத்தியானம் அனுப்பியது. அப்போது அவள் போன் கூடையில். பிறகென்ன, எல்லாரும் என் வீட்டு வாசலுக்கு வந்தார்கள்.

"லோம்பே அக்கா, என் கட்டில்ல மாமியார் படுத்திருக்கு, சோபாவுல கோழி படுத்திருக்கு. நான் எங்க படுக்க?" என்றாள் முசோண்டா.

"இவங்க தலையில படுடி," என்றாள் புப்பே, என்னைக் காட்டி. "எனக்கும் கொஞ்சம் இடம் வை. வேலை போயிடுச்சு."

ஒருத்தி கையிலும் போன் இல்லை, கவனித்தீர்களா? முகத்துக்கு நேராகப் பேசினார்கள்.

ஏன் என்று கேட்கிறீர்கள். முதல் ஞாயிறே எல்லார் போனிலும் ஒரு வாட்ஸப் குழுவைப் பார்த்தேன். 'நிம்மதிச் சகோதரிகள்'. பாஸ்டரின் மனைவிகூட இருந்தார். நான் மட்டும்தான் இல்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஆமாம், எல்லாம் நான்தான் செய்தேன். அந்தக் குழுவில் அவர்கள் போனிலிருந்தே என்னைச் சேர்த்துக்கொண்டு, மற்றவர்களை ஒவ்வொருவராக நீக்கியதும் நான்தான். இப்போது தினமும் காலை வணக்கம் போடுகிறேன். ஒரு சண்டை, ஒரு புறணி கிடையாது. உறவு என்றால் இப்படி இருக்க வேண்டும்.