கூம்பு கழுவப் போன நேரம்

சிமென்ட் சாலையைக் கல் என்று நினைக்கிறார்கள். அதுவும் நம்மைப் போலத்தான் ஐயா. முதுகில் பாரம் ஏற ஏற, மூட்டுதான் முதலில் போகும்.

நான் சாலைக்கு ஒட்டுப் போடுகிறவன். எங்காவது பெயர்ந்தால்தான் என் வீட்டில் அடுப்பு எரியும். மருத்துவருக்கு நோயாளி வேண்டும் என்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

என் தங்கை புருஷன்தான் எங்கள் சூப்பர்வைசர். புதுச் சாலை போட்ட வருஷம் ஆட்கள் எதிரில் என் தோளில் கைபோட்டுச் சொன்னார்.

"ரோடு இரும்பு மாதிரி நிக்குது மச்சான். ஒட்டுப் போடுற ஆளுங்கள நிறுத்தப் போறாங்க. நீங்க நம்ம வீட்டோட வந்துடுங்க. பசங்கள ஸ்கூல்ல விட்டுக் கூட்டியார ஒரு ஆளு வேணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று சாயங்காலம் உப்பு வாங்கினேன்.

பட்டப்பகலில்தான் செய்தேன். பூவாளியில் கரைத்து, சாலையின் இரண்டு சிமென்ட் பாளங்கள் சேரும் இடுக்கில் ஊற்றினேன். ஆரஞ்சுச் சட்டை போட்டவன் சாலையில் எதைச் செய்தாலும் வேலை செய்கிறான் என்றே ஊர் நினைக்கும். பாளங்களைப் பிணைக்கும் கம்பி உள்ளே துருப்பிடிக்கும். துரு ஏறினால் கம்பி பருக்கும், சுற்றியுள்ள சிமென்ட் வெடிக்கும். வெடிப்பில் மழைத் தண்ணீர் இறங்கி அடிமண் சேறாகும். மிச்சத்தைக் கல்குவாரி லாரிகள் பார்த்துக்கொண்டன. அளவுக்கு மேல் ஏற்றிக்கொண்டு, கூலி கேட்காமல் எனக்காக உழைத்தன. அடிமேல் அடி விழுந்தால் அம்மியே நகரும்.

வேலை நிலைத்தது. பொறியாளர் லாரியைத் திட்டினார், துருவைத் திட்டினார். இரண்டும் உண்மை. நானும் தலையாட்டினேன்.

மாப்பிள்ளைக்குத்தான் மூக்கில் வியர்த்தது. ஒருநாள் பூவாளியைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன மச்சான் இது?"

"செடிக்குத் தண்ணி மாப்ள."

"ரோட்டுல என்ன செடி வச்சிருக்கீங்க?" விரலை விட்டு நக்கினார். "நல்லா காய்க்கும். காலைல இன்ஜினியருக்கும் ஒரு வாய் குடுக்கிறேன்."

மாப்பிள்ளை வேலைக்கு வரும் வழியில், வளைவு தாண்டியதும் ஒரு பாளத்தின் மூலை உள்வாங்கியிருந்தது. முழங்கால் ஆழம். மழைத் தண்ணீர் நிரம்பினால் பார்வைக்கு வெறும் ஈரச் சாலைதான். அதற்கு முன்னால் எச்சரிக்கைக் கூம்பு நின்றது. இரவு மழை பெய்து குழி நிரம்பியது. மறுநாள் காலை கூம்பைக் கழுவ எடுத்துப்போனேன். அழுக்குக் கூம்பு கண்ணுக்குத் தெரியாது என்று என்னை ஏசுகிறவரே அவர்தானே. கழுவிக்கொண்டிருக்கும்போது பைக் சத்தம் கேட்டது. அவர் பைக்தான், சைலன்சர் ஓட்டை. பின்னாலேயே லாரிச் சத்தமும் கேட்டது. நான் கழுவி முடித்துவிட்டுத்தான் போனேன். அரைகுறை வேலை எனக்கு ஆகாது.

வீழ்த்தியது குழி. ஏறியது லாரி. நான் கழுவிக்கொண்டிருந்தேன்.

நேற்று நீங்கள் என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிவரும்வரை தங்கை பிள்ளைகளைப் பள்ளியில் விட்டது நான்தான். போகிற வழியில் அந்த இடத்தைக் காட்டி, "மாமா போட்ட ஒட்டு பாருங்கடா, கீறல்கூட விழாது" என்பேன். பொய்யில்லை ஐயா. அந்த இடுக்கில் மட்டும் நான் உப்பு ஊற்றுவதில்லை. எனக்கும் குடும்பப் பாசம் உண்டு.