ஏழாவது சீனக்கூடை

சீனக்கூடையை ஈரத்துணியால் துடைக்கக்கூடாது, பிள்ளை. அரக்குப் பூச்சு வெளிறிவிடும். காய்ந்த பருத்தித்துணியும், பின்னல் இடுக்குக்குப் பழைய பல் பிரஷும் போதும்.

சரி வத்சலா, கனடாவில் இருந்து நீர் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். நான் முகநூலில் போட்ட படத்தில், ஏழாவதாக இருக்கும் தையல் கூடை உமது அம்மாவுடையதா என்று கேட்டிருந்தீர். ஓம், சிவமணியுடையதுதான். அவரை என் வீட்டில் இருந்து பொலிஸ் கொண்டுபோனது உமக்குத் தெரியும். எப்படி என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

தொண்ணூற்றேழில் உம்மிடம் வருவதற்காக அவர் யாழ்ப்பாணத்தில் இருந்து கப்பலேறி, கொழும்பில், வெள்ளவத்தையில் என் வீட்டில் வந்து தங்கினார். கையில் ஒரு சூட்கேஸ், மடியில் அந்தக் கூடை. முந்தி சைக்கிளில் துணி விற்று வந்த சீனாக்காரனிடம் உமது அம்மம்மா வாங்கியதாம். மூடியில் சதுர ஓட்டை போட்ட செப்புக்காசு ஐந்து, பச்சைக் கண்ணாடி வளையம் இரண்டு, சிவப்புப் பட்டுக்குஞ்சம். ஒன்றுகூடக் குறையவில்லை. என்னிடம் அப்போது ஆறு இருந்தன. எல்லாம் கொட்டாஞ்சேனையில் பழைய சாமான் விற்கும் கிளெமென்ற் தேடித் தந்தவை. ஒன்றில் வளையம் இல்லை, ஒன்றில் குஞ்சம் இல்லை. முழுசாக ஒன்றை நான் முதல்முதலாகக் கண்டது உமது அம்மாவின் மடியில்தான்.

"சிவமணி, இதை எனக்குத் தாருமன்."

"ஐயோ அக்கா, இது வத்சலான்ர கலியாணத்துக்கு. உங்கட அலுமாரிக்கு மேல ஏற்கெனவே சீனாவே குடியிருக்குது. இன்னும் ஆக்கள் வந்தா பொலிசில பதியச் சொல்லுவாங்கள்."

நன்றாகப் பகிடி விடுவார். நானும் சிரித்தேன்.

பதிவு என்றால் அந்தச் சண்டை நாளில் கொழும்பில் தமிழருக்கு உயிர் மாதிரி. வீட்டில் யார் வந்து தங்கினாலும் வீட்டுக்காரர்தான் பொலிசில் பதிந்து, முத்திரை குத்திய தாளை வீட்டில் வைத்திருக்க வேண்டும். நான் சிவமணி வந்த மறுநாளே போய்ப் பதிந்தேன். அதில் என்னைக் குறை சொல்ல முடியாது. தாளை எப்போதும் போல மூன்றாவது கூடையில், நூல்கட்டைகளுக்குக் கீழே வைத்தேன். அது அங்கே இருப்பது அவருக்கும் தெரியும்.

விசா வந்தது. வியாழக்கிழமை பயணம். செவ்வாய் விடிய, நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்க, பொலிஸார் சோதனைக்கு வந்தார்கள். வந்த அதிகாரி மரியாதையான ஆள்.

"ரெஜிஸ்ட்ரேஷன் கொளே கோ, அம்மே?" பதிவுத்தாள் எங்கே என்று சிங்களத்தில் கேட்டார்.

அலுமாரி பத்தடி தூரம். மேலே ஆறு கூடைகள். ஏழாவதுக்கு நான் இடம் ஒதுக்கி ஒரு மாதம்.

"தாம நே, மஹத்தயா" என்றேன். இன்னும் பதியவில்லை என்று.

உமது அம்மாவுக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. அப்போதுதான் முகம் கழுவிவிட்டு வந்து, பக்கத்தில் நின்று அந்த அதிகாரியைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"என்னவாம் அக்கா? தாளைக் காட்டினீங்களே?"

"ஓம். ஒரு கையெழுத்துக்குத்தானாம். போட்டு வாரும்."

செருப்பை மாட்டிக்கொண்டு, கூடையைத் தன் கையாலேயே என்னிடம் தந்தார். "இதப் பாத்துக்கொள்ளுங்கோ அக்கா. வியாழக்கிழமை கொண்டுபோக வேணும்."

நான் பறிக்கவில்லை, பிள்ளை. அதை நீர் கவனிக்க வேண்டும். நாலைந்து நாள் வைத்திருந்து விடுவார்கள், வந்த களைப்பில் ஒரு கூடையைப் பெரிதாக நினைக்கமாட்டார் என்றுதான் நான் கணக்குப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை, கிராண்ட்பாஸில் இருந்த உமது மாமா யோகநாதன் வந்தார். "அக்கா, பதிஞ்ச துண்டு இருந்தா இண்டைக்கே விடுவினமாம். நல்லாத் தேடிப் பாருங்கோ." அப்போது எடுத்துக் கொடுத்தால், செவ்வாய்க்கிழமை ஏன் காட்டவில்லை என்று கேட்பார்களே? அவருக்கு முன்னாலேயே மூன்றாவது கூடையைத் தவிர எல்லாவற்றையும் திறந்து காட்டினேன். "இல்லைத் தம்பி" என்றேன். தேத்தண்ணி கொடுத்தேன். இரண்டு வாய் குடித்தார். பிறகும் இரண்டு தடவை வந்தார். கடைசியாக வந்தபோது, அப்படி ஒரு ஆள் தங்களிடம் இல்லை என்று பொலிசில் சொல்லிவிட்டார்களாம். அதற்குப் பிறகு தாளைக் கொடுத்தும் பயனில்லை.

கூடையை அனுப்பச் சொல்லிக் கேட்கிறீர். தபாலில் போட்டால் வளையம் உடைந்துவிடும். பதிவுத்தாளையும் இப்போது அதற்குள்தான் வைத்திருக்கிறேன். ஊதா முத்திரை மங்கவே இல்லை. நீர் நேரில் வந்தால் இரண்டையும் பார்க்கலாம். உமது அம்மா பார்த்துக்கொள்ளச் சொல்லித்தானே தந்தார். இத்தனை வருடத்தில் ஒரு காசு கழலவில்லை, குஞ்சத்தில் ஒரு நூல் போகவில்லை. நம்பித் தந்த பொருளை நான் கவனமில்லாமல் விட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதேயும்.