எதிர்வீட்டுச் சாவியும் ஓர் இயர்போனும்

“என் பொண்ணுக்கு வலிப்புன்னு சொன்னது நீங்கதான். ஒத்துக்குங்க, போயிடுறேன்.”

“கைக்கு நான் சொல்றேன் லலிதா? ப்ரியா என் மடியில வளந்த பொண்ணும்மா.”

“மடியில வளத்துட்டுத்தான் கழுத்தை அறுத்தீங்களா?”

கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு நான் படியேறி வந்தபோது சண்டை இந்த இடத்துக்கு வந்திருந்தது. சைனிக்புரியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கத்தரிக்காய் நன்றாக இருக்கும், காம்பு பச்சையாக. இரண்டு பேரும் படியை அடைத்துக்கொண்டு நின்றதால் பையைக் கீழே வைத்துவிட்டு நானும் நின்றேன்.

விஷயம் இதுதான். லலிதாவின் மகள் ப்ரியாவுக்கு ஏறக்குறைய முடிந்திருந்த சம்பந்தம் அந்த வாரம், மார்ச் தொடக்கத்தில், முறிந்துவிட்டது. பெண்ணுக்கு வலிப்பு இருப்பதாக உங்கள் பில்டிங்கிலேயே ஒருத்தர் சொன்னார் என்று பிள்ளை வீட்டார் போனில் சொல்லி வைத்துவிட்டார்கள். தெலுங்குக்காரர்கள் நடுவில் பில்டிங்கில் தமிழ்க் குடும்பம் நான்கு. லலிதா வீடு, கீழே தங்கம், இரண்டாம் மாடியில் நான், என் எதிர்வீட்டில் ஃபெலிக்ஸ். தன் பெண்ணைப் பற்றி லலிதா சொல்லியிருக்க மாட்டாள். ஃபெலிக்ஸ் யாரிடமும் பேசவே மாட்டான். என்னை யாரும் சந்தேகப்படுவதில்லை. மிச்சம் தங்கம்தான். லாலாகுடா ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த தங்கத்துக்குக் கோபம் வந்தால் தமிழ் பாதியில் நின்று உருது வந்துவிடும், ‘எதுக்கு’ என்பது ‘கைக்கு’ ஆகும், அதுவே குற்றவாளி முழிப்பது போல இருக்கும்.

“மங்கை, நீங்களாச்சும் சொல்லுங்க,” என்று தங்கம் என்னைப் பார்த்தாள்.

“நான் என்னத்தைச் சொல்றது தங்கம், எனக்கு ஒண்ணும் தெரியாதே,” என்றேன்.

சொன்னது நான்தான். குடியரசு தினத்தன்று மொட்டைமாடியில் கொடியேற்றம் நடந்தது. பிள்ளையின் அத்தைக்காரி பெண்ணைப் பார்க்கிற சாக்கில் வந்திருந்தாள். பெண் எப்படி என்று என் காதோரமாகக் கேட்டாள். கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் போவது மரியாதை இல்லை. ப்ரியா ஐந்தாம் வகுப்பில் வெயிலில் நின்று மயங்கி விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். மயக்கத்துக்கும் வலிப்புக்கும் பெரிய தூரமில்லை. மேலும் அந்த அத்தைக்காரி மயக்கம் என்ற சொல்லுக்கு அவ்வளவாக முகம் கொடுக்கவில்லை.

சண்டை நடக்கும்போதே ஃபெலிக்ஸ் சர்ச்சிலிருந்து வந்தான். காதில் அந்த இயர்போன். ஒன்றைக் கழற்றினான். லலிதாவைப் பார்த்தான், தங்கத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “என்னா ஆன்ட்டி, பிரச்சனையா?” என்றான். என்னிடம் கேட்டான், கவனியுங்கள். மூன்று பெண்கள் நிற்கிறோம், என்னிடம்தான் கேட்டான்.

அந்த இயர்போனைப் பற்றிச் சொல்லாவிட்டால் உங்களுக்கு மற்றது புரியாது.

ஃபெலிக்ஸ் தூத்துக்குடிப் பையன். முப்பது வயது, மல்லாபூரில் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவு. போனையும் மற்றதையும் கேட்டுக்குள் விடமாட்டார்கள் என்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவான். ஒலிக்கலவை என்பது அவனுடைய பைத்தியம். சர்ச் பாட்டுகளுக்கெல்லாம் அவன்தான் செய்வான். தெலுங்கு சீரியல்களைத் தமிழில் டப்பிங் செய்கிற ஒரு ஸ்டுடியோவில் ஆள் எடுத்தார்கள். முறை வரும்போது பத்து நிமிடக் காட்சி தருவோம், ஒரு வாரத்துக்குள் குரலையும் இசையையும் சேர்த்து அனுப்பு, சரியாக இருந்தால் வேலை என்றார்கள். தொழிற்சாலையிலிருந்து தப்பிக்க அவனுக்கு இருந்த ஒரே வழி அது. இதை அவனே என்னிடம் சொன்னான். எல்லோரும் என்னிடம் சொல்வார்கள்.

பெரிய ஸ்பீக்கர் வாங்க வசதியில்லை. இரண்டாயிரத்துக்குள் ஓர் இயர்போன், அதுவும் எந்தச் சத்தத்தையும் கூட்டாமல் குறைக்காமல் உள்ளது உள்ளபடி காட்டவேண்டும். இதற்காக அவன் பட்ட பாடு இருக்கிறதே, பெண் பார்க்கிறவர்கள் கூட இவ்வளவு அலைய மாட்டார்கள். முதலில் வாங்கியதில் கீழ்ச் சத்தம் நெஞ்சில் உலக்கையாக இடித்தது. கீழ்வீட்டுக் கல்லூரிப் பையன்கள் அதைக் கேட்டுவிட்டு “பேஸ் சூப்பர்” என்றார்கள். அவர்களுக்கு மண்டைக்குள் காலி இடம் அதிகம், அதிர்ந்தால் சுகமாக இருக்கும்போல. அதைத் திருப்பி அனுப்பிவிட்டு இரண்டாவது வந்தது, தாளத்தட்டு ஒவ்வொன்றும் எண்ணெயில் கடுகு வெடித்த மாதிரி. அதைக் காப்பாற்றப் பார்த்தான். காதுக்குள் போகிற ரப்பரைக் கழற்றி, உள்ளே இருக்கும் முனையைக் காட்டினான்.

“இதுமேல புண்ணுக்கு ஒட்டுற பேப்பர் டேப்பை ஒரு துண்டு ஒட்டினா கீச்சுச் சத்தம் அடங்கிரும் ஆன்ட்டி. மேல ரப்பரை மாட்டிட்டா வெளிய தெரியாது.”

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரைப் புண். டேப் என்னிடம்தான் இரவல் வாங்கினான்.

அதுவும் சரிப்படாமல் மூன்றாவது வந்தது. அதற்குத் தனியாக எந்தக் குணமும் இல்லை. குழம்பில் உப்பும் புளியும் தனித்தனியாக எட்டிப் பார்க்காத மாதிரி. “இதுதான் ஆன்ட்டி,” என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். தனக்கென்று ஒன்றும் இல்லாத ஒரு பொருளுக்காக ஒரு மனிதன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எந்த இயர்போன் வந்தாலும் அவன் சோதித்தது ஒரே பதிவை வைத்துத்தான்: கொடியேற்றத்தன்று பிள்ளைகள் பாடியதை அவன் பதிவு செய்திருந்தான். என் காதிலும் மாட்டிவிட்டான்.

பிள்ளைகள் பாடினார்கள். கொடிக்கயிறு கம்பத்தில் தட்டியது. யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது. அதற்கும் பாட்டுக்கும் நடுவில், இரண்டு அடி தள்ளி நின்று சொன்னது போல, என் குரல்: “சின்னதுல இருந்தே வலிப்பு. மாத்திரை இன்னும் ஓடுது. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.”

“கேட்டீயளா ஆன்ட்டி? நடுவுல இருக்கிற குரலெல்லாம் எம்புட்டு தெளிவு. மத்த ரெண்டுலயும் இது முங்கிப் போச்சு. பின்னாடி யாரோ பேசுதாவ, அதை எடுத்துட்டுத்தான் குரூப்ல போடணும்.”

யாரோ. அந்தச் சொல்லை நீங்கள் கவனிக்கவேண்டும். ஊசி விழுந்தால் எந்தத் தரையில் விழுந்தது என்று சொல்லக்கூடிய காது, தினமும் எதிரே நின்று பேசுகிற என் குரலை யாரோ என்கிறது. நக்கல். அப்போது இயர்போனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். படிக்கட்டில் என்னைப் பார்த்து “பிரச்சனையா” என்று கேட்டபோதுதான் இவன் என்றைக்காவது வாயைத் திறப்பான் என்று முடிவுக்கு வந்தேன். திறந்தாலும் அவன் காதை யாரும் நம்பக்கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அவன் மேல் எனக்குக் கோபமெல்லாம் கிடையாது.

எங்கள் தெருவில் மஞ்சீரா ஆற்றுக் குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் பகலில் வரும். வேலைக்குப் போகிறவர்கள் எதிர்வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போவார்கள், எதிர்வீட்டார் திறந்து டிரம்மை நிரப்பி வைப்பார்கள். ஃபெலிக்ஸ் வீட்டுச் சாவி இரண்டு வருடமாக என் வீட்டு ஆணியில் தொங்குகிறது. ஒரு நாள் கூட அவன் டிரம் காலியாக இருந்ததில்லை.

அவனுக்கு ஸ்டுடியோக் காட்சி வந்தது அந்த வாரம்தான். திங்கட்கிழமை தண்ணீர் பிடிக்கும்போது இயர்போன் முனைகளில் ஒரு துண்டு டேப் ஒட்டினேன், இரண்டு பக்கமும் ஒரே அளவு. புதன்கிழமை அதன்மேல் இன்னொன்று. வெள்ளிக்கிழமை மூன்றாவது. ஒரேயடியாக ஒட்டினால் கண்டுபிடித்துவிடுவான். கொஞ்சம் கொஞ்சமாக என்றால் காது எதற்கும் பழகிக்கொள்ளும். என் வீட்டுக்காரரோடு முப்பது வருடம் இருந்தவளுக்கு இது தெரியாதா?

டேப்புக்குள்ளே கீச்சுச் சத்தம் குறையக் குறைய, போதவில்லை என்று அவன் கலவையில் அதைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறான். ஒரு மாதம் தேடித் தானே தேர்ந்தெடுத்த பொருளை யார் சந்தேகப்படுவார்கள்? வெள்ளி இரவு ஸ்டுடியோவுக்கு அனுப்பிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் ரப்பரைக் கழற்றித் துடைப்பான் என்பது எனக்குத் தெரியும். சனிக்கிழமை தண்ணீர் வரும் நாள் இல்லை. இருந்தாலும் திறந்து, மூன்று துண்டையும் உரித்து, பிசுக்கு இல்லாமல் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து வைத்துவிட்டு வந்தேன். டிரம்மையும் மூடி வைத்தேன், பல்லி விழும்.

செவ்வாய்க்கிழமை அவன் படியில் உட்கார்ந்திருந்தான். ஸ்டுடியோவில் சொன்னார்களாம்: ஒவ்வொரு சகாரமும் ஊசி மாதிரிக் குத்துகிறது, காது இல்லாத ஆள் செய்த வேலை.

“நானும் இப்பம் கேட்டேன் ஆன்ட்டி. அவுக சொல்றது சரிதான், குத்துது. அதே இயர்போன், அதே காது. அன்னைக்கு நல்லாத்தானே இருந்துச்சு?”

“அப்ப காதுதான் ஏதோ பண்ணுது தம்பி,” என்றேன். “டாக்டர்கிட்ட காட்டிடு.”

டாக்டர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார். “ஒண்ணும் இல்லேன்னா வெளிய தெரியலேன்னு அர்த்தம்,” என்று நான்தான் விளக்கினேன். அவனுக்கு அது நியாயமாகப் பட்டது. சர்ச் பாட்டுக்குக் கலவை செய்வதை விட்டான். பிறகு பாட்டுக் கேட்பதையே விட்டான். பேசும்போது என் வாயைப் பார்த்துப் பேச ஆரம்பித்தான், கேட்டது சரிதானா என்று. ஒரே விஷயத்தை இரண்டு தடவை கேட்பான். நான் இரண்டு தடவையும் பொறுமையாகச் சொல்வேன். பில்டிங்கில் மற்றவர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை.

ஏப்ரலில் வீட்டைக் காலி செய்தான். போகிற அன்று இயர்போனை என் கையில் கொடுத்தான். “நல்ல சாமான் ஆன்ட்டி. எனக்குத்தான் கொடுத்து வைக்கல. நீங்க ஒருத்தங்கதான் அக்கறையா கேட்டீய,” என்றான். கண் கலங்கியிருந்தான். ஆண்பிள்ளை அப்படிக் கலங்குவது எனக்குப் பிடிப்பதில்லை.

அன்று மத்தியானம் அதை மாட்டிக்கொண்டு, பில்டிங் குரூப்பில் அவன் எப்போதோ போட்டிருந்த கொடியேற்றப் பாட்டைத் தேடிக் கேட்டேன். கயிறு தட்டுகிறது, குக்கர் அடிக்கிறது, என் குரல் இல்லை. எடுத்துவிட்டான். எந்தத் தேதியில் போட்டிருக்கிறான் என்று பார்த்தேன். படிக்கட்டுச் சண்டைக்குப் பத்து நாள் முன்னால். அவனிடம் மூலப்பதிவு இருக்குமே என்று தோன்றியது. அதையும் சொல்லவேண்டும்: போனை மாற்றியபோது பழையதையெல்லாம் அழித்துவிட்டதாக அவன் பிப்ரவரியிலேயே என்னிடம் சொல்லியிருந்தான். அதைச் சொன்னபோது வேறு ஏதோ பேச்சு, நான் காதில் வாங்கவில்லை.

ப்ரியாவுக்கு ஆவணியில் கல்யாணம் ஆயிற்று, மாப்பிள்ளை கோயம்புத்தூர். அவளுக்கு வலிப்பெல்லாம் ஒன்றும் கிடையாது, நன்றாகத்தான் இருக்கிறாள். தங்கத்தை அந்தக் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை. படியில் எதிர்ப்பட்டால் லலிதா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதைத் தாங்க முடியாமல் தங்கம் ராமச்சந்திராபுரத்தில் இருக்கும் மகன் வீட்டோடு போய்விட்டாள். ஃபெலிக்ஸ் தூத்துக்குடியில் ஓர் உப்பு குடோனில் கணக்கு எழுதுகிறான், ஒரு டீச்சரைக் கட்டிக்கொண்டிருக்கிறான். கல்யாண வீட்டில் மேளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம்.

எதிர்வீட்டுக்குப் புதிதாக ஒரு கணவன் மனைவி வந்திருக்கிறார்கள், இரண்டு பேரும் ஐ.டி. நானே போய், தண்ணீர் பகலில் வரும், சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று சொன்னேன். சிரித்தார்கள், கொடுக்கவில்லை. டிரம் காலியாகக் கிடந்தாலும் பரவாயில்லை என்று கையோடு எடுத்துக்கொண்டு போகிறார்கள். அக்கம்பக்கத்தை நம்பத் தெரியாத ஜனங்கள்.