கோல் எண்ணாத ஆட்டம்

சனிக்கிழமை காலை, ஸ்டோவ்னர் போகும் மெட்ரோ. என் எதிரில் யாழ்ப்பாணத்துக்காரர் இருவர். இங்கிலாந்து அணியின் சட்டை போட்டிருந்தவருக்கு முதல்நாள் தோல்வி இன்னும் செரிக்கவில்லை.

"இங்கிலாந்து திருந்த வேணுமெண்டால் கோல் எண்ணுறதை நிப்பாட்ட வேணும்."

"விசர்க்கதை கதையாதையும்," என்றார் நண்பர்.

"இஞ்சை, இந்த நாட்டிலை, சின்னப் பிள்ளையளின்ரை மட்சிலை ஆரும் எண்ணுறேல்லைத்தானே? அதுகள் பயமில்லாமல் விளையாடுதுகள். இங்கிலாந்துக்காரங்களுக்குப் பந்து காலுக்கு வந்தாலே நடுக்கம். முழு நாடும் எண்ணிக்கொண்டிருக்குது."

"ஓம், அது சரி. உம்மடை மகளுக்கும் இண்டைக்கு மட்செல்லோ? நீர் போகேல்லையோ?"

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வரவேண்டாமெண்டிட்டாள். போனமுறை நான் கரையிலை நிண்டு விரல் மடிச்சு எண்ணினதைக் கண்டிட்டாள்."