கத்தினால் பாதி ஃபீஸ்

ஜங்ஷனிலிருந்து பேட்டைக்குப் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு கராத்தே டீச்சர்கள், மடியில் வெள்ளை உடுப்பு திணித்த பைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் சொன்னதைக் கேட்டுத்தான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“கத்துனா ஒரு ரேட்டாம், கத்தாட்டி ஒரு ரேட்டாம்ளா.”

“யாரு சொன்னதுக்கா?”

“நம்மளக் கூப்பிட்ட பள்ளிக்கூடத்துத் தாளாளருதான். அங்கன வந்து சொல்லிக்குடுக்க இவ்வளவு ஃபீஸுன்னேன். ‘குத்தும்போது பிள்ளைக கத்துதுல்லா, பக்கத்து ரூம்ல டியூஷன் நடக்கு. சத்தமில்லாம நடத்துனா கேட்டதத் தாரேன், கத்துனா பாதிதான்’னு சொல்லுதாரு.”

“ரோட்டுல ஒருத்தன் கையப் பிடிச்சா பொம்பளப் பிள்ளைக்கு மொதல்ல சத்தம்லாக்கா வரணும்? குத்தெல்லாம் பெறகுதான?”

“அதையும் சொன்னேன். ‘அத வீட்டுல போயி பழகட்டும்’னுட்டாரு.”

“நீங்க என்ன சொன்னிய?”

மூத்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“போக வர பஸ்ஸு, விரிப்பத் தூக்க ஆட்டோ, எல்லாம் நம்ம கையிலருந்துல்லா போகுது. சரின்னுட்டேன்ளா. பிள்ளைக வாய மட்டும் தொறக்கும், சத்தம் வராது.”

அவர்கள் இறங்கவேண்டிய ஸ்டாப்பில் நிற்காமல் பஸ் நகர்ந்தது.

“எறங்கணும்” என்றார் மூத்தவர், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல. கண்டக்டருக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறையும் அதே குரலில்தான் சொன்னார். சின்னவர் போட்ட ஒரு சத்தத்தில் பஸ் குலுங்கி நின்றது.

கண்டக்டர் மூத்தவரைப் பார்த்துச் சலித்துக்கொண்டார்.

“எறங்கணும்னா கத்தணும்லாம்மா?”