நேரே வீட்டுக்கு

இரவு பத்தரை இருக்கும். ஜெர்மனியில் கொலோன் நகருக்கு வெளியே, ரைன் ஆற்றை ஒட்டிப் போகும் தெரு. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வெறும் வயல். முன்னாலும் வாகனம் இல்லை, பின்னாலும் இல்லை... எங்கள் கூட்டாளி ஜோன்சனின் பெரியம்மா மக்டலீன் தன் சின்னக் காரில் தனியே வந்துகொண்டிருந்தார். இவ்வளவு சொல்வதற்குள், கேட்டுக்கொண்டிருந்த யாகோப்பண்ணைக்குச் சிரிப்பு வந்துவிட்டது; நான் விடவில்லை:

"யாகோப்பண்ணை, இப்பவே சிரிக்காதையுங்கோ. கதை முடிய, வெளியிலை நிக்கிற உங்கட காருக்குத் தனியப் போய்க் காட்டுங்கோ பாப்பம்!"

சரி, கேளுங்கள். மக்டலீனின் புருஷன் செத்துப் போனார். ஒரே மகள் லண்டனில். வயோதிபர் இல்லத்தில் வேலை, வேலை விட்டால் வீடு, வீட்டில் பேச ஒரு சுவர். வேலையிடத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே துணை இமெல்டா என்ற பிலிப்பைன்ஸ்காரி. மக்டலீனை "அக்கா" என்றுதான் கூப்பிடுவாள். மிச்சப் பேச்செல்லாம் இருவருக்கும் ஜெர்மன்தான்.

இமெல்டா தவழுகிற பிள்ளையைத் தங்கையிடம் விட்டுவிட்டு இங்கே வந்தவள். அந்த மகன் ஜோமாருக்கு ஏழு வயதாகிவிட்டது. தாயைப் போனில் பார்த்தே வளர்ந்தான். அலையாத இடமெல்லாம் அலைந்து, கடைசியில் அவனுக்கு விசா கிடைத்தது. தை மாதம் வருவதாக இருந்தான். அவள் குளிர்ச் சப்பாத்துக்கூட வாங்கி வைத்துவிட்டாள்.

பிலிப்பைன்ஸ்காரருக்குக் கிறிஸ்மஸ் என்கிற நத்தார் செப்டெம்பரிலேயே தொடங்கிவிடும். கொலோனில் அவர்களுடைய கோயில் மண்டபம் முழுக்க நட்சத்திரக் கூடுகள், கரோக்கே பாட்டு, பன்றி வறுவல் வாசம். அந்தக் கொண்டாட்டத்துக்கு நடுவில்தான் பிலிப்பைன்ஸில் புயல் அடித்தது. கடல் ஊருக்குள் ஏறியது. தங்கை ஒரு மரத்தைப் பிடித்துத் தப்பினாள். ஜோமாரின் கை வழுக்கிவிட்டது... உடலும் கிடைக்கவில்லை.

அதே மண்டபம், அதே நட்சத்திரங்கள். கழற்ற ஒருவருக்கும் மனம் வரவில்லை. அதற்குக் கீழே பிள்ளையின் படத்தை வைத்து ஒன்பது இரவுகள் செபம் சொன்னார்கள். கடைசி இரவு மக்டலீனும் போனார். முடிந்து வெளிக்கிடும்போது, ஒரு கிழவர் வாசலில் நின்று எல்லோருக்கும் சொன்னார்:

"நேரே வீட்டுக்குப் போகாதீர்கள். எங்கேயாவது இறங்கிக் கோப்பி குடித்துவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் இறந்தவர் கூடவே வந்துவிடுவார்."

எல்லோரும் பெற்றோல் செட்டுக்குக் கோப்பி குடிக்கப் போனார்கள். இமெல்டா மட்டும் நேரே வீட்டுக்குப் போனாள். ஒன்பது இரவும் அப்படித்தான் போனாள். மகன் பின்னால் வரட்டும் என்று கதவையும் பூட்டாமல் படுத்தாள்.

நம்முடைய மக்டலீனோ, "எங்கட ஆக்கள் செத்தவீட்டாலை நேர போய்த் தலைதோய்வினம். இடையிலை ஒரு இடமும் ஏறக் கூடாது" என்று தன்பாட்டில் முணுமுணுத்தபடி காரை எடுத்தார்.

ஆற்றங்கரைத் தெருவில் ஏறியதும்... டிங்... டிங்... டிங்...

பக்கத்து இருக்கைக்குப் பெல்ட் போடச் சொல்லும் சத்தம். அங்கே கைப்பை இருந்தது. தூக்கிப் பின்னால் போட்டார். டிங்... டிங்... நிற்கவில்லை. கையால் தடவினார். இருக்கை ஈரம். சேற்று மணம், உப்பு மணம். ரைன் ஆற்றில் ஏது உப்பு? "மாதாவே" என்று சொல்லிக்கொண்டு, வெறும் இருக்கைக்குப் பெல்ட்டை இழுத்துக் கொழுவினார்.

சத்தம் நின்றது.

அப்போதாவது ஒரு கடையில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. தோய்ந்தால் எல்லாம் போய்விடும் என்று நம்பினார். வீட்டுக்கு வந்து, தலையில் தண்ணீர் வார்த்து, குளியலறைக் கதவைத் திறந்தால்... தரையில் சின்னக் கால்தடங்கள். சேறும் மணலுமாக ஹீட்டர்வரை போய், அங்கேயே நின்றிருந்தன. திரும்பி வந்த தடம் இல்லை.

வெளியே ஓடத்தான் நினைத்தார். ஆனாலும், அடேயப்பா, பெத்த வயிறு! ஒரு துவாயை எடுத்து ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தார். "துடையப்பு, குளிருது" என்றார்.

காலையில் துவாய் நனைந்திருந்தது.

வேலையில் இமெல்டா ஒவ்வொரு நாளும் அழுதாள். "கனவில்கூட வருகிறானில்லை, அக்கா." மக்டலீன் வாய் திறக்கவில்லை. முதலில் பயத்தால். பிறகு... உள்ளதைச் சொன்னால், ஆசையால். வீட்டுக்குப் போனால் இப்போது கதைக்க ஒருவர் இருந்தார். சமைத்ததை, வழியில் கண்டதை, மகள் போன் எடுக்காததை எல்லாம் ஹீட்டர் பக்கம் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டிருப்பார். பல வருஷங்களுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினார்.

ஆனால் நாற்பதாம் நாளோடு ஆத்மா போய்விடும் என்று இமெல்டா சொன்னபோது மனச்சாட்சி கொன்றது. தாய்க்குக் காட்டாமல் அனுப்புவதா? அன்று பின்னேரமே எல்லாவற்றையும் சொல்லி, அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தார்.

இமெல்டா சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து ஹீட்டருக்கு முன்னால் முழந்தாளிட்டாள். தங்கள் மொழியில் கெஞ்சிக் கூப்பிட்டாள். தடம் இல்லை. மணம் இல்லை. தரை காய்ந்து கிடந்தது. இருட்டும்வரை கூப்பிட்டுப் பார்த்தாள்.

"என் பிள்ளை இங்கே இல்லை, அக்கா." அவ்வளவுதான். எழும்பிப் போய்விட்டாள். படிகளில் அவள் விம்மும் சத்தம் கீழ்வரை கேட்டது.

மக்டலீன் கதவைப் பூட்டினார். மெல்ல... அந்தச் சேற்று மணம் எழுந்தது. குளிர்ந்த சின்னக் கை ஒன்று, பின்னாலிருந்து அவர் விரலைப் பிடித்தது. அச்சொட்டான யாழ்ப்பாணத் தமிழில், ஒரு பிள்ளைக் குரல் மெதுவாகக் கேட்டது:

"அந்த அன்ரி போயிட்டாவோ?"